செவ்வாய்க்கு வைத்த பொட்டு

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். தங்கவயலில் நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும். லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் எங்கள் டாக்டருக்கு வேலையே வேறு கிரகங்களை அறைக்குள் உண்டாக்கிப் பார்ப்பதுதான். வெள்ளியின் சூட்டுக்கு ஓர் இரும்பு உலை. செவ்வாய்க்கு, உலோகத் தட்டின் மேல் கவிழ்த்த பெரிய கண்ணாடி ஜாடி. பெல் ஜார் என்போம். இரண்டுக்கும் நடுவே காற்றுப் புகாமல் அடைக்க ரப்பர் காஸ்கெட். பம்ப் காற்றை உறிஞ்சினால், செவ்வாயில் இருக்கும் அளவுக்குத்தான் உள்ளே மிஞ்சும். பம்பும் ஜாரும் என் பொறுப்பு. இது நடந்தபோது நான் டெம்பரரி.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். பெல் ஜார் பக்கம் மட்டும் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை மட்டும் வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. துடைப்பதற்காக ஜாரைக் கழற்றி வைத்திருந்தோம். யாரும் இல்லாத நேரத்தில் தட்டின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். விடுமுறை முடிந்ததும் துணியால் துடைத்துவிட்டு, ஜாரை மாட்டினேன்.

பம்ப் ஓடியது. உள்ளே எவ்வளவு காற்று என்று காட்டும் கேஜ் முள், இறங்காமல் பாதியிலேயே நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. ஹெட் மெக்கானிக் பாஷா பாய் சிரித்தார்.

"என்னாப்பா மாணிக்கம், உன் பம்புக்கு வயசாயிடுச்சு. பென்ஷன் குடுத்து அனுப்பிடலாமா?"

பம்பைப் பழுது பார்க்கப் பம்பாய்க்கு அனுப்பினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். டாக்டர் அதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் வேலை நின்றுபோகும். அதுவரை நானாக அவரிடம் பேசியதே இல்லை.

"சார், பம்ப் மேல தப்பில்ல. நான்தான் அந்தத் தட்டுக்குப் பொட்டு வெச்சேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "எங்க வெச்சே? காட்டு."

ஜாரைத் தூக்கினோம். காஸ்கெட்டின் அடியில் தலைமுடி அளவு சிவப்புக் கோடு. அந்த இடைவெளியில்தான் காற்று உள்ளே கசிந்திருக்கிறது. அவர் திட்டவில்லை. பஞ்சையும் ஸ்பிரிட்டையும் என் கையில் கொடுத்து, பக்கத்திலேயே நின்றார்.

துடைத்து மாட்டியதும் முள் இறங்கியது. உள்ளே டாக்டர் வைத்திருந்த ஒரு கிண்ணத்தில் தண்ணீர்.

"தள்ளி நிக்காத, கிட்ட வந்து பாரு. செவ்வாய்ல தண்ணி வெச்சா என்ன ஆவும்னு" என்றார் டாக்டர்.

அடியில் நெருப்பு இல்லை. தண்ணீர் கொதித்தது. கொதித்துக்கொண்டிருக்கும்போதே உறைந்தது. குமிழிகள் அப்படியே பனிக்கட்டியாக நின்றன. தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தையும் சூட்டையும் பார்த்தவன் நான். அன்று கைகூப்பி நின்றேன்.

என் வேலை போகவில்லை. முள் இறங்காவிட்டால் பம்பைக் குறை சொல்லாதீர்கள்; உங்கள் கை என்ன செய்தது என்று முதலில் சொல்லிவிடுங்கள். பொட்டு வைக்க வேண்டுமானால் அறைக் கதவில் வையுங்கள். நான் இப்போது அங்கேதான் வைக்கிறேன். நேற்றும் வைத்தேன்.

விஜயதசமி, 1968.