ஹாஜா மைதீனின் நல்ல குப்பை

அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் மணலைத் தேடினால் கிடைக்காது. சேறுதான். அந்தச் சேற்றைத் தென்னந்துடைப்பத்தால் கூட்டிய ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் ஹாஜா மைதீன்.

சவூதியில், தம்மாமில் ஒரு துப்புரவுக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே சட்டம் மாறி, உள்நாட்டு ஆட்களுக்கே வேலை என்று ஆனபோது ஊர்க்காரர்கள் பலர் திரும்பினார்கள், அவரும் திரும்பினார். வந்து பார்த்தால் வீட்டில் அவர் மேற்பார்வையிட எதுவும் இல்லை. மனைவி அனீஸா அவர் இல்லாமலே பிள்ளைகளை வளர்த்து, வீட்டைக் கட்டி, கட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை வெள்ளையும் அடித்திருந்தார்.

"எங்கயாச்சும் போயி உக்காந்துட்டு வாங்களேன்" என்பாராம் தினமும் காலையில்.

அந்த நேரத்தில்தான் நான் அந்த ஊருக்குப் போனேன். தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடல் சுற்றுச்சூழல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். பாடத்தில் 'மக்கள் அறிவியல்' என்று ஒரு பகுதி. மாணவர் ஒவ்வொருவரும் கரையோர ஊரில் ஒரு தன்னார்வலரைப் பிடிக்க வேண்டும். மாதம் ஒரு முறை அவரோடு சேர்ந்து, கயிறு கட்டிய சதுரத்துக்குள் கிடக்கும் குப்பையை எண்ண வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். திருவையாற்றுப் பக்கம் குத்தகை வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த அப்பா வீரையன் இதைக் கேட்டுவிட்டு, "குப்பைய எண்ணுறதுக்கு எதுக்குடா பஸ் ஏறிப் போவணும்? நம்ம தெருவுலயே கெடக்கே" என்றார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

நான் பிடித்த தன்னார்வலர் ஹாஜா மைதீன். பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியதும் அவர் முதுகு நிமிர்ந்தது. அதன் பிறகு அவர் அதைக் கழற்றவே இல்லை. "சோறு திங்கும்போதாச்சும் கழட்டுங்க, ஆணத்துல முங்குது" என்று குழம்புக் கிண்ணத்தைக் காட்டி அனீஸா சொன்னதை நானே கேட்டேன்.

முதல் மாதம் போனேன். சதுரத்துக்குள் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதமும் அப்படியே. பேராசிரியர் பூர்ணிமா என் அறிக்கையைப் பார்த்தார்.

"தியாகேசன், குப்பையே இல்லாத கடற்கரை உனக்கு மட்டும்தான்பா கெடச்சிருக்கு. அந்த இடத்த விட்டுடு. அட்டையத் திருப்பி வாங்கிட்டு வந்துடு."

அடுத்த முறை வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். ஹாஜா மைதீன் கைலியை மடித்துக் கட்டி, சேற்றைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், என்ன பண்றீங்க?"

"யுனிவர்சிட்டியிலேருந்து ஆளு வர்ற நாளுல்ல தம்பி. குப்பையும் கூளமுமாவா போட்டு வைக்க முடியும்?"

"அந்தக் குப்பைய எண்ணத்தான் பாய் வர்றோம்! குப்பை இல்லேன்னா இந்த இடமே வேணாங்குறாங்க. அட்டையையும் வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க."

அவர் கை தானாகப் போய் அட்டையைப் பொத்திக்கொண்டது.

"ஒரு மாசம் பொறுங்க தம்பி. குப்பை இருக்கும்."

இருந்தது. அரபி எழுத்து போட்ட பால்மாவு டின், பேரீச்சம்பழ டப்பா, தங்க மூடி வைத்த அத்தர் பாட்டில்கள். எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி பளபளத்தன. அலை கழுவியிருக்கும் என்று நினைத்தேன். எம்.எஸ்சி. படிப்பவன் அப்படித்தான் நினைப்பான்.

பூர்ணிமா மேடத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வளைகுடாக் குப்பை இந்தியாவைச் சுற்றி நீந்தி வந்து எங்கள் கரையில் ஏறுகிறது என்று கண்டுபிடித்தார். தஞ்சாவூரில் கருத்தரங்கு ஏற்பாடானது. ஹாஜா மைதீன்தான் சிறப்பு விருந்தினர்.

அன்று அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அவர்களுக்குப் பின்னால். திரையில் வரைபடம்: தம்மாமில் கிளம்பிய ஒரு சிவப்பு அம்பு இலங்கையைச் சுற்றிக்கொண்டு அதிராம்பட்டினத்தில் வந்து முட்டியது. அடுத்த படம், பால்மாவு டின்னும் அத்தர் பாட்டில்களும்.

"ஏங்க," என்றார் அனீஸா. "அது நம்ம பருப்பு டின்னு."

"சும்மா இரு."

"நசுங்கின எடம் எனக்குத் தெரியாதா? வீட்டுல தேடாத எடமில்ல. அல்லாவே, அலமாரியில இருந்த அத்தரு பாட்டிலுமா!"

மேடையிலிருந்து பூர்ணிமா அழைத்தார். "நம்ம தன்னார்வலர் ரெண்டு வார்த்தை பேசுவார்."

ஹாஜா மைதீன் ஏறினார். மைக்கைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தின் அம்பைக் காட்டினார்.

"இந்தப் பக்கமாத்தான் மேடம் வந்துச்சு. ஆனா தண்ணியில வரல. நான்தான் கார்கோவுல போட்டு எடுத்துட்டு வந்தேன்."

பூர்ணிமா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கரையில கெடந்தது பிஞ்ச செருப்பும் சாக்கும் மேடம். யுனிவர்சிட்டி எண்ணுற எடத்துல அதையா போடுறது? அதை அள்ளிட்டு, நல்ல குப்பையாப் போட்டேன்."

"எல்லாமே உங்க வீட்டுதா?" பூர்ணிமாவின் குரல் மெலிந்திருந்தது.

"இல்ல மேடம். பாதி அண்டை வீடுகள்ல கேட்டு வாங்குனது."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு மொத்த அரங்கும். ஹாஜா மைதீன் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். கழுத்து வெறுமையானதும் முதுகும் பழையபடி வளைந்தது. அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூர்ணிமா திரையை அணைத்தார். அட்டையைக் கையில் எடுத்தார்.

"கூட்டவும் கூடாது, போடவும் கூடாது. கையக் கட்டிக்கிட்டு ஒரு மாசம் உங்களால இருக்க முடியுமா?"

ஹாஜா மைதீன் தன் கைகளைப் பார்த்தார். கீழேயிருந்து அனீஸா எழுந்தார்.

"இருப்பாருங்க. தொடப்பம் எங்கிட்டதான் இருக்கும்."

அடுத்த மாதம் சதுரத்துக்குள் டீக் கப்பு, வலைத்துண்டு, சாக்கு, செருப்பு என்று எல்லாம் கிடந்தன. நான் குனிந்து எண்ணினேன். ஹாஜா மைதீன் கழுத்தில் அட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்தப் பக்கம் திரும்பினால் தாங்காது என்றார்.

"முடிஞ்சுதா தம்பி?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு பாய்."

"சீக்கிரம் எண்ணுங்க. கை அரிக்குது."