முப்பது குளிசையும் வேலி அலரியும்

அரியாலை, காலை ஆறரை மணி. சைக்கிள் கூடையில் முப்பது குளிசை, வாயில் ஒரு துண்டு அதிமதுரம். அக்கா வீடு இருக்கும் அச்சுவேலிக்குப் பத்துக் கட்டை தூரம் மிதிக்க வேண்டும். 1992, போர்க்காலப் பொருள் தடை. பெற்றோலும் இல்லை, சீனியும் இல்லை. அக்காவின் கணவருக்கு வேண்டிய இருதயக் குளிசை எந்த மருந்துக் கடையிலும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தந்த இந்த முப்பதுதான், நாளுக்கு ஒன்று.

நான் இரசாயனம் படிப்பிக்கிறவள், வாய் சும்மா கிடக்காது. அதிமதுரத்தின் இனிப்பு சீனி அல்ல, கிளைக்கோசைட்டு. சர்க்கரையோடு வேறொரு பொருள் கட்டுண்டு கிடக்கும். அந்தப் பொருளைப் பொறுத்து அது இனிக்கும், சுகப்படுத்தும், ஆளையும் கொல்லும். எத்தனை வருடம் படிப்பித்தும் இதை நினைத்தால் எனக்கு இன்னும் மயிர் கூச்செறியும்.

ஏழேகால், கோப்பாய். தேத்தண்ணிக் கடைக்காரர், "இஞ்சி தட்டிப் போடட்டோ பிள்ளை?" என்றார். போடச் சொல்லிக் குடித்தேன். மூன்று ரூபா.

எட்டரை, அச்சுவேலி. அக்கா மரவள்ளிக் கிழங்கு அவித்திருந்தாள். பானைக்கு மூடி போடவில்லை. பசியில் கிழங்குக் கோப்பையை இழுத்தேன்.

"இஞ்சி மணக்குது. வழியிலை என்ன குடிச்சனி?" என்றாள் அக்கா.

"இஞ்சித் தேத்தண்ணி."

கோப்பையை வெடுக்கென்று பறித்துவிட்டாள். "மரவள்ளியும் இஞ்சியுமோ? விசரே உனக்கு! பாணைத் தின்" என்று ரொட்டித் துண்டை நீட்டினாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பாணை மென்றபடி யோசித்தேன். மரவள்ளியிலும் ஒரு கிளைக்கோசைட்டு உண்டு, அது உடைந்தால் சயனைட்டு. மூடாமல் அவித்தால் நஞ்சு ஆவியோடு போய்விடும். இஞ்சி சேர்ந்தால் நஞ்சு கெதியாகக் கிளம்பும் என்பது ஊர் நம்பிக்கை. எட்டாம் வகுப்போடு நின்ற அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அடடா, என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

அந்த வியப்புத்தான் என்னைக் கெடுத்தது. அத்தானிடம் குளிசையைக் கொடுத்துவிட்டு வேலியைக் காட்டினேன். "அத்தான், உந்த மஞ்சள் அலரிக்கொட்டையும் இந்தக் குளிசையும் ஒரே சாதி. ரண்டும் கிளைக்கோசைட்டு, இருதயத்திலை வேலை செய்யிற சாமான்" என்று அளந்தேன். அவர் ஒன்றை விழுங்கி, மிச்சத்தை இரண்டு தரம் எண்ணினார்.

பின்னேரம் மூன்று மணி. புறப்பட முன் குளிசைப் போத்தலை அலுமாரியில் வைக்கப் போனேன். அங்கே ஒரு கடதாசிச் சுருளில் நாலு அலரிக்கொட்டை.

"அத்தான், இதென்ன?"

"குளிசை முடிஞ்சால் என்ன செய்யிறது? ஒரே சாதியெண்டு நீர்தானே சொன்னனீர், மச்சாள். ஒரு சின்னத் துண்டு சப்பினால் சமாளிக்கலாம்."

"ஐயோ, அது ஆளைக் கொல்லும்! குளிசையிலை அளவு இருக்கு, கொட்டையிலை ஒரு அளவும் இல்லை. என்ரை வாயாலை வந்த வினை."

அவர் சிரித்தார். "அப்ப இது முடிய முதல் அடுத்த குளிசையோடை வந்திடும், மச்சாள்."

கொட்டைகளைக் கக்கூசுக் குழியில் போட்டேன். அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள்.

திரும்பும் வழியெல்லாம் வேலிகளில் மஞ்சள் பூ. காலையில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அரியாலையில் என் வீட்டுப் படலையடியிலும் அதே பூத்தான். நான் இறங்கவில்லை. இந்தக் கிழமை கொழும்புக்கு யார் போகிறார்கள் என்று கேட்க, தெரிந்தவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளைத் திருப்பினேன். இருபத்தொன்பது குளிசைதான் மிச்சம்.