மெஸ்கலில் தொங்கிய நீலத் தகடு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஜூலை மாதம் அரிசோனா பாலைவனத்துக்கு ஒரு நடை வந்துவிட்டுப் பேசுங்கள். இது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அப்போது நான் சரக்கு ரயில் டிரைவர். பென்ஷனுக்கு எட்டு மாதம் பாக்கி. மெஸ்கல் சுரங்கத்துக்குப் போகும் கிளைப்பாதையில் வாரத்துக்கு ஒரே வண்டி. அதில் நானும் கார்டு எஃப்ரைனும் மட்டும்தான். அன்று தாது ஏற்றிய வேகன்கள் பக்கத் தண்டவாளத்தில் தயாராக நின்றன. இன்ஜினை மாட்டி இழுத்து வர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இன்ஜினை மாட்டியதும் எஃப்ரைன் கையைத் தூக்கினான். முதல் வேகனில் நீலத் தகடு ஒன்று தொங்கியது.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம். அடியில் ஆள் வேலை செய்கிறான், வண்டியை நகர்த்தாதே. மாட்டியவன்தான் அதைக் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் கை வைக்கக் கூடாது.

"அடியில யாருப்பா?" என்று எஃப்ரைன் கத்தினான். வேகன் வேகனாகக் குனிந்து பார்த்தான். ஆள் இல்லை. மணலில் அவன் காலடியைத் தவிர வேறு தடமும் இல்லை.

ரேடியோவில் சூப்பர்வைசர் கிரப்ஸ் எரிந்து விழுந்தார். "எவனோ மறந்துட்டுப் போயிருக்கான். கழட்டிப் போட்டுட்டு வண்டிய எடுய்யா!"

எஃப்ரைன் கழற்றினான். உடனே கையை உதறினான்.

"என்னடா, சுட்டுடுச்சா?"

"இல்ல கிழவா... ஜில்லுனு இருக்கு."

அந்த வெயிலில் இரும்பு... ஜில்லென்று.

தகட்டை என் காலடியில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான். பிரேக்கைத் தளர்த்தக் கை வைத்தேன்.

டங்.

கடைசி வேகனுக்கு அடியில் சுத்தியல் சத்தம்.

டங்... டங்... அடுத்த வேகன். அதற்கடுத்தது. எங்களை நோக்கி...

குனிந்து பார்த்தேன். காலடியில் தகடு இல்லை.

திரும்பிப் பார்த்தால், முதல் வேகனில் தொங்கியது.

டங்.

என் இருக்கைக்கு நேர் கீழே.

கையை எடுத்தேன். சத்தம் நின்றது.

"நான் எடுக்க மாட்டேன்" என்றேன் ரேடியோவில்.

"அப்போ வீட்டுக்குப் போ" என்றார் கிரப்ஸ்.

சாயங்காலம் வேறு ஆட்கள் வந்தார்கள். அப்போது தகடு இல்லை; வண்டியை எடுத்துப் போனார்கள்.

விசாரணையில் எஃப்ரைனைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்தான். "தகடா? அப்படி ஒண்ணுமே இல்லீங்க." அவனுக்கு நாலு பிள்ளைகள். புரிகிறது. ஆனாலும் இன்றுவரை வயிறு எரிகிறது. வேலையும் போச்சு, பென்ஷனும் போச்சு.

வெளியே வந்ததும் தொழிற்சங்கத்து டாம்லின்சன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அபெய்ட்டா என்ற ரிப்பேர்க்காரன் மெஸ்கலில் வேகனுக்கு அடியில் நசுங்கிச் செத்துப் பதினாறு வருடமாம். அவசரம் என்று அவன் தகட்டைக் கழற்றிவிட்டு வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள். பிறகு, அவன் தகடே மாட்டவில்லை என்று செத்தவன் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டார்கள்.

"உனக்கு முன்னால ரெண்டு டிரைவருங்க அந்தத் தகட்டப் பார்த்தாங்க" என்றார். "கழட்டிட்டு வண்டிய எடுத்தாங்க. ரெண்டு தடவையும் அடியில ஒருத்தன் அலறினானாம். இறங்கிப் பார்த்தா சக்கரத்துல ஈர ரத்தம். ஆள் இல்ல."

அன்று ஒரு நாள் மட்டும் அவன் சாகவில்லை. அதற்கு என் பிழைப்பே போனது.

மெஸ்கல் வண்டிக்கு இப்போதும் எஃப்ரைன்தான் கார்டு. போன வாரம் கடையில் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. கிட்டப் போனேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்திருந்தான்.