தொண்ணூற்றொன்பதாம் லெவல்

லிந்துலை பஜாரில் சண்முகராஜா முதலாளியின் பலசரக்குக் கடைக்குள்ளே, பலகை அடித்துப் பிரித்த ஒரு பக்கத்தில்தான் பிரியந்தினிக்கு வேலை. ஃபோட்டோகொப்பி எடுப்பாள், கடிதம் டைப் பண்ணுவாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவு பார்த்துச் சொல்லுவாள், அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பாள். பத்தொன்பது வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு இப்போது முப்பத்திரண்டு. ஆள் வராத நேரத்தில் கொம்பியூட்டரில் கேம் விளையாடுவாள். அது முதலாளிக்கும் தெரியும். வேலை கெடாத வரையில் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அது கொரியாக்காரர்கள் எப்போதோ செய்த பழைய கேம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் உள்ளே வந்து, வீரனாகவோ மந்திரக்காரியாகவோ ஓர் உருவம் எடுத்துக்கொண்டு, சேர்ந்து பூதங்களைக் கொல்ல வேண்டும். கொல்லக் கொல்லத் திரையின் அடியில் ஒரு கோடு நிறையும். நிறைந்தால் ஒரு லெவல் ஏறலாம். தொண்ணூற்றொன்பதுதான் கடைசி. அதற்கு மேல் கிடையாது.

முதல் நாளில் மட்டும் ஏழு லெவல் ஏறியதாகச் சொல்வாள். மணியடித்த மாதிரி ஒரு சத்தம், தலைக்கு மேலே தங்கத் தூணாய் ஒரு வெளிச்சம், சுற்றியிருந்த முகம் தெரியாதவர்களின் வாழ்த்து. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதுவரை அப்படி ஒரு வாழ்த்து யாரிடமிருந்தும் கிடைத்ததில்லை. பத்தாம் லெவல் வரை செத்தாலும் நட்டமில்லை. எழுந்து திரும்ப ஓடலாம். அதற்குப் பிறகுதான் வேறு மாதிரி ஆனது. ஒரு தடவை செத்தால் கோட்டில் ஒரு பங்கு போய்விடும். முப்பதாம் லெவலில் போவது ஒரு மணி நேர உழைப்பு. எண்பதில் ஒரு வார உழைப்பு. தொண்ணூற்றெட்டில் ஒன்றரை மாதம். ஏற ஏறத் தைரியம் வரும் என்று நினைத்தவளுக்குப் பயம்தான் ஏறியது. அறுபதில் ஓடிப் போய் அடித்த பூதத்தைத் தொண்ணூறில் மூலையில் நின்று பார்ப்பாள். மவுஸைப் பிடிக்கும் விரல்கள் வியர்க்கும்.

ஆட்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரு காலத்தில் சந்தை போல நிறைந்திருந்த தலைநகரத்தில் இப்போது நாற்பது பேர் இருந்தால் அதிசயம். அவர்களில் தமிழ் எழுதுகிறவர் ஒருவர்தான் மிஞ்சினார். அவர் அழகன்.

நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருப்பவர். வத்தளையில் கட்டட வேலைக்குப் போய் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மனைவி ஷாமிலா விடிந்ததும் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். பகல் முழுக்க லயக்காம்பராவில், வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், அவர் தனியாக இருப்பார். கூட வேலை செய்த நண்பன் ஒருவன் கொடுத்த பழைய லெப்டொப்பும், அதில் சொருகிய இன்டர்நெட் டொங்கலும்தான் துணை. வீட்டில் ஒரே ஒரு ஃபோன். அதை ஷாமிலா கொண்டுபோவாள். பிரியந்தினியும் அவரும் நேரில் பார்த்ததில்லை. ஆறு வருடமாக ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பேசிக்கொண்டார்கள். அவர் கேடயக்காரன். முன்னால் நின்று அடி வாங்குவார். அவள் மந்திரக்காரி. பின்னால் நின்று நெருப்பு எறிவாள்.

போன கார்த்திகையில் மழை ஆறு நாள் விடாமல் பெய்தது. ஏழாம் நாள் மத்தியானமும் மழைதான், பஜாரில் ஆளில்லை. பிரியந்தினியின் கோட்டில் நூற்றில் ஒரு பங்குதான் பாக்கி. அது நிறைந்தால் தொண்ணூற்றொன்பது. இருவரும் கடைசிக் குகைக்குள் கல்பூதங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அழகன் எழுதினார்.

"தங்கச்சி, பின் செவுத்துல என்னமோ சத்தம் கேக்குது."

"மழைதாண்ணே."

"மழ இல்ல. துணி கிழியிற மாதிரி."

கேடயக்காரன் அசையாமல் நின்றான். சில நிமிடம் கழித்து மறுபடி எழுத்து வந்தது.

"வெடிப்பு விட்டிருக்கு. வெரல் போகுது. காலையில இல்ல."

"கதவத் தொறந்து வெளிய வந்துருங்கண்ணே. கத்துங்க."

"தவந்து போயி பாத்தேன். கதவு தொறக்க மாட்டேங்குது. நெல வளைஞ்சிருச்சு. கத்துனேன், தகரத்து மேல மழ சத்தத்துல ஒன்னும் கேக்காது. பக்கத்துக் காம்பராவும் பூட்டிக் கெடக்கு."

ஷாமிலாவின் நம்பரைக் கேட்டு வாங்கி அடித்தாள். ஃபோன் அணைக்கப்பட்டிருந்தது. மூன்று தடவை அடித்தும் அதே பதில்தான். வேறு வழியில் யாரையாவது பிடிக்கச் சொன்னபோது அவர், மற்றதெல்லாம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, இந்தக் கேம் மட்டும்தான் ஓடுகிறது என்று எழுதினார். அது பழைய கேம். சிக்னல் ஒரு கோடு இருந்தால் போதும். ஆனால் கேமில் செத்தால் உருவம் தலைநகரத்துக்குத் திரும்பும், அந்த நகரம் முழுக்கத் திரையில் புதிதாகத் திறக்க வேண்டும். அந்த ஒரு கோட்டுச் சிக்னலில் அது திறக்காது, தொடர்பு அறுந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

"இங்க சாக விட்டுறாத தங்கச்சி" என்று எழுதினார்.

அதை வாசித்துவிட்டுத்தான் பிரியந்தினி கூப்பிட்டாள். "மொதலாளி! மொதலாளி, கொஞ்சம் வாங்க!"

சண்முகராஜா அறுபது வயதுக்காரர். கேம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்ததும் மாவு மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அவள் சொல்லச் சொல்ல அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"கேமுக்குள்ள செத்துருவானா, நெசத்துலயா?"

"நெசத்துல, மொதலாளி. லயத்துச் செவுரு வெடிச்சிருக்கு. அவருக்குக் கால் வராது. கதவு மாட்டிக்கிச்சு."

"எந்தத் தோட்டம்?"

பெயரைச் சொன்னாள். அந்த டிவிஷனுக்குக் கீழே கடை வைத்திருக்கும் செல்லசாமி இவரிடம்தான் சாமான் எடுக்கிறவர். முதலாளி அங்கேயே நின்று ஃபோனைக் காதில் வைத்தார். "செல்லசாமி, லிந்துலை சண்முகராஜா பேசுறேன். சாமான் விஷயம் இல்ல. மேட்டு லயத்துல அழகன்னு ஒருத்தரு... ஆமா, நடக்க ஏலாதவருதான். உள்ள மாட்டிக்கிட்டாரு. பின் செவுரு பொளந்திருக்கு. கெடைக்கிற ஆளக் கூட்டிக்கிட்டு இப்பவே ஏறு... எப்படித் தெரியும்னு பெறகு சொல்றேன், நீ ஓடு."

கடையிலிருந்து மேட்டு லயத்துக்குப் படியேறி இருபது நிமிடம். மழையில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

குகைக்குள் கல்பூதங்கள் வந்துகொண்டே இருந்தன. அடி வாங்கும் நிலையில் கேடயக்காரன் இல்லை. அவன் கையைத் தொங்கவிட்டுச் சும்மா நின்றான். மந்திரக்காரிக்கு நாலு அடி விழுந்தால் முடிந்தது. பிரியந்தினி முதல் தடவையாக அவனுக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எழுதினாள்.

"ஆள் வர்றாங்கண்ணே. பேசிக்கிட்டே இருங்க."

"கட்டிலுக்குக் கீழ போகவா?"

இந்தக் கேள்விதான் அவளை ஆட்டியது. போ என்றால் போவார், வேண்டாம் என்றால் போகமாட்டார். அவள் சொல்வது பிழையாகிப் போனால் அந்த மனிதன் அங்கேயே மண்ணில் மூடப்பட்டுப் போவார். திரும்பி முதலாளியைப் பார்த்தாள்.

"மண்ணு எந்தப் பக்கம்னு கேளு புள்ள" என்றார் அவர்.

கேட்டாள். பின்னால்தான் மலை, முன்னால் வாசல் என்று பதில் வந்தது. "அப்போ கட்டில் வேணாம். முன் செவுத்துப் பக்கமா கதவோட ஒட்டி வந்துருங்க. லெப்டொப்பையும் இழுத்துக்கிட்டு வாங்க."

அதற்குப் பிறகு எழுத்து வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சரியாகத்தான் சொன்னோமா? நகரும்போது சிக்னல் போய்விட்டதா? இல்லை, சுவரே போய்விட்டதா? ஒரு பூதம் பக்கவாட்டில் வந்து அவளை அடித்தது. உயிர்க்கோடு பாதியானது. இன்னோர் அடியில் கால்வாசியானது. இருந்த மருந்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் குடிக்க வைத்தாள். கேடயக்காரன் மட்டும் இன்னும் அங்கேயே நின்றான். அவன் நிற்கும் வரையில் தொடர்பு இருக்கிறது. தொடர்பு இருக்கும் வரையில் அந்தக் காம்பரா இருக்கிறது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வந்துட்டேன்" என்று எழுத்து வந்தது. "மண்ணு உள்ள வருது. சேறு. கால் நனையிறது தெரியல, கண்ணால பாக்குறேன்."

பிரியந்தினியால் அதைத் திருப்பி வாசிக்க முடியவில்லை. முதலாளி மறுபடி செல்லசாமிக்கு அடித்தார். எடுக்கவில்லை. "ஓடிக்கிட்டு இருப்பான். அதான் எடுக்கல" என்றார். அவருக்கே அது நம்பிக்கையாக இல்லை என்பது குரலில் தெரிந்தது.

"பேட்டரி ஒம்பதுதான் இருக்கு" என்று எழுதினார் அழகன். கொஞ்சம் பொறுத்து, "ஷாமிலாகிட்ட" என்று மட்டும் எழுதி நிறுத்தினார்.

"அதெல்லாம் நீங்களே சொல்லுங்க அண்ணே. நான் சொல்லமாட்டேன்" என்று அடித்தாள். கண்ணீரில் எழுத்துகள் கலங்கின.

மூன்று கல்பூதங்கள் ஒன்றாக வந்தன. கண்ணை மூடாமல் நெருப்பை எறிந்துகொண்டே இருந்தாள். முதலாவது விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விழும்போது மணியடித்த மாதிரி சத்தம் கேட்டது. திரை முழுக்கப் பொன் நிறமானது. தொண்ணூற்றொன்பது. பதின்மூன்று வருடம் ஏறி வந்த கடைசிப் படி. அந்த வெளிச்சம் கேடயக்காரனை மறைத்துவிட்டது. ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத அந்த மூன்று நான்கு விநாடியை இப்போதும் மறக்க முடியவில்லை என்பாள். "போ, போ, தள்ளிப் போ" என்று திரையைப் பார்த்துக் கத்தினாளாம்.

வெளிச்சம் அடங்கியபோது அவன் நின்றுகொண்டிருந்தான். அடியில் ஒரு வரி வந்திருந்தது.

"தகரத்து மேல ஆரோ நடக்குறா"

அந்த வரி அப்படியே முடியாமல் நின்றது. கேடயக்காரன் மறைந்து போனான். தொடர்பு அறுந்துவிட்டது.

அதன்பிறகு நாற்பது நிமிடம். ஒரு பெண் மண்ணெண்ணெய் கேட்டு வந்தாள். முதலாளி பருப்பை நிறுத்துக் கொடுத்து, திட்டு வாங்கினார். பிரியந்தினி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஃபோன் அடித்ததும் முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். செல்லசாமிக்கு மூச்சு வாங்கியது.

"எடுத்துட்டோமுங்க. கதவு அசையல. நானும் தோட்டத்துப் பய மதுரனும் மேல ஏறித் தகரத்தக் கழட்டி, சாக்குல கட்டித் தூக்குனோம். இடுப்பளவு சேறுங்க. பெறகு அந்த வெடிப்பப் பாத்துட்டு லயத்துல இருந்தவங்களையும் எறக்கிட்டோம். காய்ச்சல்ல படுத்த ரெண்டு புள்ளைங்க, நடக்க மாட்டாத கெழவி ஒன்னு. கோயில் மடத்துக்கு வந்து சேரல, பின்னாலயே மல வந்துருச்சுங்க. கடைசி நாலு காம்பராவும் இல்ல. ஒன்னுமே இல்லீங்க."

"உசுரு?"

"ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல. அழகன் அண்ணே, கடப் புள்ளைக்கு சொல்லிருங்கன்னு சொன்னாரு."

பிரியந்தினி அழவில்லை. பின்பக்கம் போய் வாந்தியெடுத்தாள்.

தை மாதம் அவள் அழகனைப் பார்க்கப் போனாள். அவரையும் ஷாமிலாவையும் பொல்பிட்டியவில் ஷாமிலாவின் அக்கா வீட்டில் சேர்த்திருந்தார்கள். ஷாமிலா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அழகன் கட்டிலைச் சுவரோரம் போட விடவில்லை. அறைக்கு நடுவில்தான் கிடந்தது. தண்ணீர்க் குழாய் சொட்டினாலும் அவர் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்.

"தொண்ணூத்தொம்பது ஆயிருச்சா?" என்று கேட்டார்.

"ஆயிருச்சுண்ணே."

"எப்பிடி இருந்துச்சு?"

"அந்த வெளிச்சத்துல நீங்க தெரியல. அதான் இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். லெப்டொப் மண்ணோடு போய்விட்டது. வேறொன்று கிடைத்தாலும் அந்தக் குகைப் பக்கம் போகமாட்டேன் என்றார். பிரியந்தினி ஓரிரு தடவை திறந்து பார்த்திருக்கிறாள். ஏறுவதற்கு லெவல் இல்லை, பேசுவதற்கு ஆள் இல்லை. மூடிவிட்டாள்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் பெரிய மழை. அவளும் அம்மா நாகலெட்சுமியும் இருக்கிற லயமும் ஒரு சரிவுக்குக் கீழேதான். மழை பிடித்து ஒரு மணி நேரத்தில் பிரியந்தினி டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின் சுவரை அடியிலிருந்து முடி வரை தடவிப் பார்த்தாள். பிறகு அடையாள அட்டைகளையும் இரண்டு போர்வையையும் பையில் போட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போவோம்மா. எந்திரிங்க."

"பைத்தியமா ஒனக்கு? நம்ம லயத்துக்கு ஒன்னும் ஆகலையே."

"ஆகல. நடங்க."

அம்மா திட்டிக்கொண்டே குடையைத் தேடினாள். அடுத்த காம்பராவில் யாரோ சிரித்தார்கள். பிரியந்தினி அந்தக் கதவையும் தட்டினாள்.