அந்த ‘ஓ’ நம்ம ‘ஓ’ இல்லை

விண்ணப்பத்தில் வரும் பெயரை மஹ்ஜபீன் அப்படியே நகலெடுத்து ஒட்டுவதே இல்லை. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தானே தட்டுகிறார். பிறகு இரண்டும் ஒன்றுதானா என்று கணினியைக் கேட்கிறார். தென்னூரில் ஒரு மாடி அலுவலகம். டெண்டர் போடுகிறவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வாங்கித் தருவது பதினோரு வருடமாக அவர் வேலை. டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார். யாராவது அவசரப்படுத்தினால், “உங்க பேரைத்தாங்க பாக்கறேன், என் பேரை இல்ல” என்பார்.

போன வாரம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். அவர் இணையத்தில் நிரப்பியிருந்த விண்ணப்பத்தில் ‘மோகனா ஃபேப்ரிகேட்டர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. மஹ்ஜபீன் தட்டிப் பார்த்தார். இரண்டும் வேறு என்றது கணினி. மறுபடி தட்டினார். மறுபடியும் வேறு. ஒவ்வொரு எழுத்தாகச் சோதித்ததில், ‘மோகனா’வில் இருந்த ‘ஓ’ ஆங்கில ஓ அல்ல, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் ரஷ்ய எழுத்து. அதே பெயரில் துவாக்குடியில் அறிவுமதி என்ற பெண் பட்டறை நடத்துகிறார். அவருக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததே மஹ்ஜபீன்தான். இந்தப் பெயரிலும் ஒரு சான்றிதழ் வெளியே போனால், இந்த ஆள் போடும் கையெழுத்து அறிவுமதி போட்டதாகவே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்.

“கண்ணுக்கு ஒண்ணாத்தானே இருக்கு?” என்றார் வந்தவர்.

“அதனாலதாங்க தரமாட்டேன்.”

முதலாளி சகாயநாதன் எழுந்து வந்தார். “ஏம்மா, ஒரு எழுத்துக்கா இவ்வளவு? மாசம் பத்துப் பேரை அனுப்பறவரு.”

“சார், ‘ஔ’வுக்குப் பதிலா ‘ஒ’வையும் ‘ள’வையும் ஒட்டி அடிச்சா நமக்கு ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு அது வேற ஆளு. அந்தச் சந்துலதான் இவரு நுழையறாரு. ஓகே பண்ணணும்னா உங்க லாகின்ல நீங்களே பண்ணுங்க.” எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

சகாயநாதன் உட்காரவில்லை.

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்கன்னு போன் வரும்” என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டைக்காரர் படியிறங்கினார். மஹ்ஜபீன் உடனே அறிவுமதியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சான்றிதழ் வழங்கும் நிறுவனத்துக்குத் தன் பெயரிலேயே புகார் எழுதினார். “உன் பேரு வேணாமேம்மா” என்றார் சகாயநாதன். மஹ்ஜபீன் தன் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அனுப்பினார்.

சாயங்காலம் போன் அடித்தது. தெரியாத எண். அறையில் நாலு பேர் காத்திருந்தார்கள். எடுக்காதே என்று சகாயநாதன் கையசைத்தார். மஹ்ஜபீன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தார்.

“மஹ்ஜபீன்தான் பேசறேன். சத்தமா சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”