முன்பல் போன பிறகு

என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா ஒரே ஒரு விஷயத்தைத்தான் மறைப்பாள். நான் சாக்ஸபோன் வாசிப்பவள் என்பதை. "கொச்சியில ஓட்டல்ல வேலை" என்பாள். அது பொய்யும் இல்லை. காயலோரத்து ஓட்டல் ஒன்றில் நாங்கள் நான்கு பேர் மாலை நேரங்களில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தோம். பியானோ, பேஸ், டிரம்ஸ், நான்.

கோயம்புத்தூரில் கல்லூரி பேண்டில் சேர்ந்தபோது, யாரும் தொடாமல் கிடந்த அந்த வாத்தியம் என் கைக்கு வந்தது. அணிவகுப்புக்கு ஊதப் பழகினேன். பிறகு விடுதித் தோழி ஒருத்தியின் போனில் முதன்முதலாக ஜாஸ் கேட்டேன். ஒரு மெட்டை ஒருமுறை ஒழுங்காக வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு அவரவருக்கு அந்த நிமிடம் என்ன தோன்றுகிறதோ அதை வாசிக்கிறார்கள். கேட்டு முடித்ததும், இனி இதுதான் என் சோலி என்று தீர்மானித்துவிட்டேன். அப்பாவுக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை. "எழுதி வச்சதயாவது வாசிக்கலாம்ல ஆத்தா? தோணுனத ஊதுறதுக்கா பட்டம் வாங்குன?" என்றார்.

பல் போனது போடிமெட்டு மலைப்பாதையில். கொச்சியிலிருந்து பூப்பாறை வரை பஸ்சில் வந்து, தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் ஏறி எங்கள் ஊரான போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்ததில் முன்சீட்டுக் கம்பியில் போய் என் வாய் இடித்தது. ரத்தத்தைத் துடைப்பதற்கு முன்னால், மடியில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாக்ஸபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் போயிருந்தன.

தேனியில் பல் டாக்டர் கட்டுப்பல் வைத்துத் தருவதாகச் சொன்னார். "ஆனா அதுல எதையும் அழுத்திக் கடிக்கக் கூடாதும்மா. ஊதுறத விட்ருங்க." சாக்ஸபோனின் மவுத்பீஸ் மேல்பல்லில்தான் ஊன்றி நிற்கும். அந்தப் பிடிப்பில்தான் நான் அத்தனை வருடமும் வாசித்திருந்தேன்.

பழப்பையோடு பெரியப்பா பார்க்க வந்தார். "சாமியாப் பாத்துப் பல்ல ஒடச்சுவிட்ருக்கு. இனியாவது அந்தக் கருமத்தத் தூக்கிப் போட்டுட்டு, வெரசா ஒரு வீட்டுல போய் வாழுற வழியப் பாரு" என்றார்.

வீங்கிய வாயோடு சொன்னேன்: "பல்லுதான பெரியப்பா போச்சு. மூச்சு இருக்குல்ல."

அவர் பையை வைத்த வேகத்தில் ஆரஞ்சுகள் உருண்டன. அதே வாரம் ஓட்டலிலிருந்து போன் வந்தது. என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

வேறொரு பிடிப்பும் உண்டு. இரண்டு உதடுகளையும் பற்களின்மேல் மடித்துக்கொண்டு, பல்லே படாமல் உதட்டால் மட்டும் மவுத்பீஸைக் கவ்வுவது. வலிக்கும் என்பதால் பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. வீட்டில் வைத்துப் பழகினால் தெரு தாங்காது. மலைமேல் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று இருந்தது. அப்பாவிடம் சாவி கேட்டேன். ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "நாந்தான் குடுத்தேன்னு ஒங்கம்மாட்ட சொல்லிராத."

முதல் நாள் வந்த சத்தம் எனக்கே சகிக்கவில்லை. ஊதி முடித்து வெளியே வந்தால், காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையும் காணோம். கீழே ரோட்டோரத்தில் கூடி நின்றார்கள்.

"ஆனை வந்துருச்சுன்னுல்ல பாப்பா ஓடியாந்தோம்!" என்று ஒரு அக்கா மூச்சிரைக்கக் கத்தினாள்.

அன்று வேலை கெட்டதற்காக மேஸ்திரி என்னிடம் சண்டைக்கு வந்தார். நிறுத்த முடியாது, வேண்டுமானால் சாப்பாட்டு வேளையில் மட்டும் ஊதுகிறேன் என்றேன். அப்படியே நடந்தது. உள்உதடு கிழிந்து கிழிந்து ஆறியது. பனி ஏறினால் மவுத்பீஸில் அதிரும் நாணல்பட்டையான ரீடு ஊறிச் சத்தம் அமுங்கிவிடும். மழைக்காலம் முழுக்க அந்த ஸ்டோரில் நின்று ஊதினேன். மழை விடும் சமயத்தில்தான் ஒரு முழு மெட்டு உடையாமல் வந்தது. "நேத்து வாசிச்சதயே வாசி பாப்பா" என்றாள் அந்த அக்கா. அது திரும்ப வராது என்றேன். "அப்ப என்னத்துக்கு இம்புட்டு நாளாப் படிக்கிற?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

அந்தச் சமயத்தில் மறுபடியும் ஒரு வரன் வந்தது. நடுக்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அம்மா, "பாடத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"பாட வராதுங்கத்தே. ஊதுவேன்."

அம்மா கண்ணால் என்னை எரித்தாள். நான் உள்ளே போய்ச் சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்தாமல் நான் வாசித்தது அன்றுதான் முதல்முறை. மெதுவான ஒரு புளூஸ் மெட்டு. வாசலில் தெருவே கூடிவிட்டது. அந்த அம்மா கடைசிவரை அசையாமல் கேட்டார்.

"நல்லாத்தேன் இருக்கு. ஆனா எங்க வீட்டுக்கு ஒத்துவராதும்மா" என்றார்.

"எனக்கும் அதான் தோணுதுங்கத்தே" என்றேன். கோபமில்லாமல்தான் பிரிந்தோம். அம்மாதான் பல நாள் என்னோடு பேசவில்லை.

ஓட்டல் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. பழைய பியானோக்காரர் மட்டும் அங்கிருந்து விலகி வந்தார். இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு குழு ஆரம்பித்தோம். என் சத்தம் மாறிவிட்டது. முன்பிருந்த கூர்மை இல்லை, காற்று அதிகம் கலந்திருக்கிறது. "பழைய சத்தம் போயிருச்சே" என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். போகட்டும். அது பல்லின் சத்தம், இது என்னுடையது.

போன மாதம் போடியிலேயே ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு எங்களை அழைத்தார்கள். சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்றார்கள். ஒன்று வாசிப்போம், மற்றதெல்லாம் எங்களுடையது என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். இரண்டாவது உருப்படியிலேயே பின்வரிசை எழுந்து போனது. உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் மேடையோரம் வந்து, முடித்துக்கொள்ளும்படி கையைக் காட்டினார். பியானோக்காரர் என்னைப் பார்த்தார். நான் நிறுத்த வேண்டாமென்று தலையை ஆட்டி, மெட்டை இன்னொரு சுற்று எடுத்தேன்.