கல்லின் பின்பக்கம்

ஓசூரில் எங்கள் தெருமுனைப் பட்டறையில் கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரக் கல்தூளின் வாசனை அம்மாவை நினைவுக்குக் கொண்டுவந்தது. புடவையைக்கூட உள்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவாள் அவள்.

என் சின்ன வயதில் எங்கள் எம்.எல்.ஏ. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார். கட்டடம் எழும்பவில்லை. அவர் எம்.பி. ஆனதும் அதே இடத்தில் மறுபடியும் அடிக்கல். கூட்டம் கலைந்ததும் அம்மா கல்லின் பின்பக்கத்தைத் தடவினாள்.

“இங்கயும் எழுத்து இருக்குதுடி. பழைய கல்லயே திருப்பி வச்சுட்டாங்க.”

அக்கா பிரசவ வலியோடு கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில்தான் போனாள்.

“இந்தக் கல்லு யாருக்குண்ணா?” என்று பட்டறைக்காரரைக் கேட்டேன்.

“நம்ம பழைய எம்.பி. பையன் இப்ப எம்.எல்.ஏ.ங்க. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல்.”

பின்பக்கத்தைத் தடவினேன். எழுத்து எதுவும் இல்லை. தேய்த்துத் தேய்த்துக் கல்தான் பாதியாக இளைத்திருந்தது.